எனக்குக் காய்ச்சல் என்று எழுதிய ஆறு கடிதங்கள்

2025 ஜூனிலிருந்து டிசம்பருக்குள் எனக்கு ஆறு முறை காய்ச்சல் வந்திருக்கிறது. எங்கள் அலுவலக விடுப்புப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. அந்த ஆறும் என் மகளுக்கு வந்தவை. எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது ஒரு முறைதான். அன்று விடுப்பு மிச்சம் இல்லாததால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 38 பேர். கணக்குப் பிரிவு என்றால் நானும் இப்போதுதான் பி.காம். முடித்த ஒரு தம்பியும். எங்கள் தொழிலில் மாதம் என்பதே தேதிகள்தான். 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1. 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. இந்தத் தேதிகளை யாரோ என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அவள் பிறந்தது 2024 ஏப்ரலில். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் போளூரிலிருந்து அம்மா வந்து பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் ஓடியது. பிறகு அப்பாவுக்கு முட்டி வலி அதிகமாகி, இரண்டு மாடுகளையும் அவரையும் பார்க்க ஆள் இல்லாமல் போனது. பதினான்கு மாதக் குழந்தையை, கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டே கேரில் ஜூன் மாதம் சேர்த்தோம். மாதம் 6,500 ரூபாய். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அதே 6,500.

முதல் வாரம் அழுதாள். அதை எதிர்பார்த்தோம். ஒன்பதாம் நாள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பதினோராம் நாள் 101 டிகிரி. அது தணிந்து திரும்பப் போன நான்காம் நாள் இருமல். ஜூலையில் காது வலி. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயசு. இரவெல்லாம் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாள். பல் முளைக்கிறது என்று நானும் கணவரும் அம்மாவும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். ஆகஸ்டில் காய்ச்சல். செப்டம்பரில் உள்ளங்கை, பாதம், வாய்க்குள் எல்லாம் கொப்புளம். டாக்டர் கை, கால், வாய் நோய் என்றார். தெருவில் எல்லாரும் தக்காளிக் காய்ச்சல் என்றார்கள். அந்த ஒரு வாரம் ஆறவைத்த தயிர்சாதத்தைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை, இட்லியைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டாள். அக்டோபரில் மழை வந்ததும் வீசிங், நெபுலைசர். நவம்பரில் வாந்தி பேதி, ஓ.ஆர்.எஸ். நடுநடுவே சளி. அது எப்போது ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. அவள் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த நாட்களின் தாளை மட்டும் கிழித்துத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டிவைத்தேன். பின்பக்கம் எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு மருந்து என்ற குறிப்பு. முன்பக்கம் ராசிபலன் இருக்கும். காது வலியில் அவள் விடிய விடிய அழுத நாளில் என் ராசிக்கு ‘நிம்மதி’ என்று போட்டிருந்தது. டிசம்பர் நடுவில் எண்ணிப் பார்த்தேன்: 34 தாள். அதில் 21 நாள் நான் வீட்டில் இருந்தேன். ஒன்பது நாள், அடித்துப்பிடித்து பஸ் ஏறி வந்த அம்மா. நான்கு நாள் என் கணவர்.

என் பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தியதாலா, டே கேர் சுத்தமில்லையா, ராகிக் கூழ் போதவில்லையா என்று மனசு ஒவ்வொன்றாகக் குற்றவாளியைத் தேடியது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கண்ணு பட்டிருக்கு.” உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியில் எனக்குத்தான் இருமல் வந்தது. பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி வைத்துவிட்டுப் போனதும் அவர்தான். இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறு சளியை நிறுத்தியதா என்று தெரியாது, அதைப் பிழியும்போது எனக்கு ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல் கிடைத்தது.

எங்கள் குழந்தை மருத்துவர் அதிகம் பேசாதவர். ஐந்தாவது முறை போனபோது நான் அழுதுவிட்டதால் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சராசரி; பத்துப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் இடத்துக்குப் போகிறவளுக்குப் பத்து, பன்னிரண்டுகூட வரும். சளியை உண்டாக்கும் வைரஸ் இருநூறுக்கும் மேல் இருக்கிறது, ஒன்று வந்துபோனால் அடுத்ததற்கு அது காவல் நிற்காது. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வாங்கிக்கொண்ட எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும், அதற்குப் பிறகு அவள் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும். “இப்ப படற கஷ்டம் ஸ்கூல் போறப்ப படமாட்டா” என்றார்.

ஆறு மாதம் என்ற சொல் காதில் தங்கிவிட்டது. 26 வாரம் என்பதும் ஆறு மாதம்தானே! நான் கொடுத்த எதிர்ப்புச் சக்தி தீரும் அதே சமயத்தில், சட்டம் எனக்குக் கொடுத்த விடுப்பும் தீர்கிறது. குழந்தைக்குச் சீக்கு வரத் தொடங்கும் நாளிலிருந்து தாய் வீட்டில் இருக்க முடியாது என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

2017இல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது பெரிய காரியம். அந்தப் பயனை அனுபவித்தவள் நான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் அந்த 50 என்ற எண் அப்படியே வந்திருக்கிறது. எங்களுக்குப் பன்னிரண்டு பேர் குறைகிறார்கள். சரி, அந்தப் பன்னிரண்டு பேரை நாளைக்கே வேலைக்கு எடுத்தாலும் என் பிரச்சினை தீராது. காப்பகம் நலமாக இருக்கும் பிள்ளைக்கான இடம். காய்ச்சல் வந்த பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது.

விடுப்பு விதிகளைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. எங்களைப் போன்ற கடை, நிறுவனங்களுக்கான 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் நோய்க்காக வருஷத்துக்கு 12 நாள் விடுப்பு உண்டு. ஆனால் அது வேலை பார்ப்பவருக்கே வரும் நோய்க்கு. இ.எஸ்.ஐ.யிலும் அதே கதை: உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை என்றால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் சம்பளத்துக்கு வழி இல்லை. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தை பராமரிப்பு விடுப்பு இருக்கிறது, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். தனியார் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் சளியே பிடிக்காது போலிருக்கிறது.

ஆக, நோய் விடுப்புக்கு என்னால் எழுத முடிந்த ஒரே கடிதம் “எனக்குக் காய்ச்சல்” என்பதுதான். ஆறாம் வகுப்பில் ஆசிரியருக்கு எழுதிய அதே வாக்கியம். மருந்துக்கடையில் வேலை செய்யும் என் தோழியும் அதையேதான் எழுதுகிறாள். அவளுக்குப் போன வருஷம் இரண்டு முறை ‘டைபாய்டு’.

நோய் விடுப்புப் பன்னிரண்டு நாளும் தற்செயல் விடுப்புப் பன்னிரண்டு நாளும் அக்டோபரில் தீர்ந்தன. நவம்பரில் ஐந்து நாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்த கணக்கைச் சம்பளப் பட்டியலில் ஏற்றியதும் நான்தான்.

பொய்க் கடிதத்தைவிட மோசமான ஒன்றை நான் செய்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை எழுதுவது நேர்மையாகாது. ஆகஸ்ட் 20, புதன்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்குத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சுட்டது. 100.8. அன்று 3பி தாக்கல் செய்தாக வேண்டும். அந்தத் தம்பிக்கு இன்னும் அதன் பாஸ்வேர்டுகூடப் பழகவில்லை. கணவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஏழரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த அளவில் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். எட்டேகாலுக்கு வியர்த்து, உடம்பு குளிர்ந்து, சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டு டே கேரில் விட்டுவிட்டு ஓடினேன்.

அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்பது ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். பன்னிரண்டு பத்துக்கு போன் வந்தது.

“மேடம், பாப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது. காலையில எதாவது மருந்து குடுத்து அனுப்பினீங்களா?”

“இல்லையே ஆன்ட்டி. நல்லாத்தானே இருந்தா.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அந்த ஆன்ட்டி பதினைந்து வருஷமாக டே கேர் நடத்துபவர். அவரிடம் இந்தப் பொய்யைச் சொன்ன எத்தனையாவது ஆள் நானோ. சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய தாளில் தெளிவாக இருக்கிறது: மருந்து இல்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகே அனுப்ப வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் நான்கு பேர் “எங்க வீட்டிலயும் பீவர்” என்று போட்டிருந்தார்கள். என் மகளிடமிருந்துதான் போனது என்று நிரூபிக்க முடியாது. அவளுக்கு வேறு யாரோ ஒருத்தி இதேபோல் சிரப் கொடுத்து அனுப்பிய பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம். டே கேர்களில் காய்ச்சல் சுற்றிச்சுற்றி வருவதற்கு வைரஸைக் காரணம் சொல்கிறோம். அதைக் காலை எட்டே முக்காலுக்குக் கைப்பிடித்து உள்ளே கொண்டுபோய் விடுவது விடுப்பு இல்லாத பெற்றோர்.

சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற அவசரம் இன்னொரு இடத்திலும் ஆபத்தாகிறது. இருமல் நின்றால் அனுப்பிவிடலாம் என்று டானிக் கேட்டுக் கடைக்காரரை நச்சரித்திருக்கிறேன். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று டாக்டர் சொன்ன பிறகும், “எதுக்கும் ஒண்ணு எழுதிக்குடுங்களேன்” என்று கேட்டவள் நான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது என் கணவர் வேலைக்குப் போகும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம் என்று மத்திய அரசு மறுபடி நினைவூட்டியது. அன்று இரவு அலமாரியைத் திறந்து மிச்சம் இருந்த பாட்டில்களை எண்ணினேன். நான்கு. இருமலுக்கு வேண்டிய மருந்து பெரும்பாலும் நாட்கள்தான். அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வார். நான்கு நாள் என்பது அவருடைய மனசின் அளவு அல்ல. ஒரகடத்தில் ஷிப்டு வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் தந்தைக்கு என்று சட்டப்படி ஒரு நாள் விடுப்பும் கிடையாது. பிரசவத்துக்கே நாள் கணக்கில் கெஞ்சித்தான் வந்தார். “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று சூப்பர்வைசரிடம் சொன்னால், “ஏன், வீட்ல இல்லையா?” என்று கேட்கிறார்களாம். வீட்டில் என்பது நான்.

ஒரு முறை சோதனை செய்து பார்த்தேன். டே கேர் படிவத்தில் அப்பா எண்தான் முதலில் இருக்கிறது, ஆனாலும் எப்போதும் எனக்குத்தான் அழைப்பு வரும். அவசரத்துக்கு அப்பாவை மட்டும் கூப்பிடுங்கள் என்று ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஆன்ட்டி அவரை அழைத்தார். அவர் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்: “டே கேர்ல இருந்து போன் வந்தது, கொஞ்சம் போய்ப் பாரேன்.” வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதமானதுதான் மிச்சம்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி ஸ்வீடனில் இருக்கிறாள். அங்கே 1974 முதலே, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாயோ தந்தையோ வீட்டில் இருக்கலாம். இப்போது ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 120 நாள் வரை. சம்பளத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைச் சமூகக் காப்பீடு தருகிறது. அவர்கள் கட்டும் வரியும் அப்படி என்பதை அவளே சொல்லிவிடுவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது பணத்தைக் கேட்டு இல்லை. இப்படி வீட்டில் இருப்பதற்கு அவர்களிடம் ஒரு வினைச்சொல் இருக்கிறது: ‘வப்பா’. நான் இன்று ‘வப்பா’ என்றால் பிள்ளைக்காக வீட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம். குளிரில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படுத்துவிடும் பிப்ரவரிக்கு ‘வப்ருவாரி’ என்று கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்குப் பெயரும் இல்லை, பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

120 நாளை நான் கேட்கவில்லை. ஐந்து வயது வரை, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்குத் தாய்க்குப் பத்து நாள், தந்தைக்குப் பத்து நாள். தந்தையின் பத்தைத் தாய் எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் கழிந்துபோகும். அப்படி இருந்தால்தான் சூப்பர்வைசர் “வீட்ல இல்லையா” என்று கேட்பதை நிறுத்துவார். முதல் இரண்டு நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. 400 ரூபாய் கொடுத்துச் சளிக்குச் சான்றிதழ் வாங்குவதைப்போல் வெட்டிச் செலவு வேறு இல்லை.

இதை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி நியாயமானது. எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. என் சம்பளம் 32,000. 26 நாளுக்கு வகுத்தால் பத்து நாளுக்கு ஏறக்குறைய 12,300 ரூபாய். அவரால் அது முடியும். ஆனால் எல்லாச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்றால், அடுத்த முறை நேர்காணலுக்கு வரும் பெண்ணிடம் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்கத் தொடங்குவார். 26 வாரத்துக்கே சில இடங்களில் அப்படிக் கேட்கிறார்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மகப்பேற்றுப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது, முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் ஆண், பெண் எல்லார் பெயரிலும் கட்டும் பொதுப் பணம் அது. பிள்ளைக் காய்ச்சலுக்கும் அந்த வழிதான் சரி என்று தோன்றுகிறது. 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைத் தாண்டியதால் நானே அதற்கு வெளியில் நிற்கிறேன். அந்த வரம்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

நவம்பரில் ஒரு மத்தியானம், வாந்தி என்று போன் வந்து ஓடியபோது, டே கேரின் பின்னறையில் பாயில் ஒரு பையன் சுருண்டு படுத்திருந்தான். எட்டு வயசு இருக்கும். நெற்றியில் ஈரத்துணி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் மகன். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்களாம். என் மகளின் வாந்தியைத் துடைத்துவிட்டு, துணியை அலசிக்கொண்டிருந்தார் அவர். 24 மணி நேர விதி அந்தப் பையனுக்கு மட்டும் இல்லையா என்று என் வாயில் வந்த கேள்வியை, நல்லவேளையாக, விழுங்கிவிட்டேன்.

“நீங்க லீவு போட்டிருக்கலாமே அக்கா” என்றேன்.

“நான் வரலைன்னா எட்டு அம்மாவும் லீவு போடணுமே மேடம்” என்றார், குழாயை மூடாமலே.

அவருக்கு மாதம் 9,000. வராத நாளுக்குப் பிடித்தம் உண்டு. என் பத்து நாளைக் கணக்குப் போடும்போதெல்லாம் அவரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடம் எந்த 50க்கும் எட்டாது.

டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை இரவு. பத்தரை மணிக்கு நெற்றி சுட்டது. மறுநாள் 20. அம்மாவுக்கு போன் செய்தேன்; ஒரு மாடு கன்று ஈனும் நிலையில் இருக்கிறது, நகர முடியாது என்றார். கணவருக்கு இரவு ஷிப்டு. வழக்கமான வாக்கியத்தைப் பாதி தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். விடுப்பு இல்லாதபோது பொய்க்கு மட்டும் என்ன பிரயோஜனம். “சார், என் மகளுக்குக் காய்ச்சல். நாளைக்கு வர முடியாது” என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு பதில் வந்தது.

“எங்க வீட்லயும் பேத்திக்கு மூணு நாளா காய்ச்சல்மா. மருமக லீவு போட்டிருக்கா. பாத்துக்கோ.”

அடுத்த நொடியே இன்னொன்று.

“3பி என்ன ஆச்சு?”

மகளை மடியில் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.